மறு: மோர்ஸ் கீக்குத் தமிழ்ச் சொல் – ‘தட்டி’ சரிவருமா?

> ‘தட்டி’ என்று வைத்தால் என்ன? தட்டினால் சத்தம் வருகிறது. சொல்லும் சின்னது.

அக்கரைப்பற்று நண்பருக்கு வணக்கம். (புதிதாக வாசிப்பவருக்கு: மோர்ஸ் கீ என்பது குறுகிய, நீண்ட ஒலிகளால் தந்திச் செய்தி அனுப்பக் கையால் இயக்குகிற கருவி.) சொல் சின்னதுதான். ஆனால் மட்டக்களப்பில் தட்டி என்றால் மறைப்புக்குக் கட்டுகிற ஓலைத்தட்டிதான் முதலில் ஞாபகம் வரும். அதைக்கூட விட்டுவிடலாம். என் குறை வேறு: கீயை நாம் தட்டுவதே இல்லை.

போன மாதம் நானே ஒன்று செய்தபோதுதான் இது கைக்குப் புரிந்தது. முதிரைப் பலகைத் துண்டு, பழைய அலுமாரியின் பித்தளைக் கீல், நெம்பாக ஒரு பித்தளைத் தகடு. கீல்தான் பொறுதி, அதாவது நெம்பு தாங்கித் திரும்புகிற இடம். கையை எடுத்ததும் தகட்டை மேலே தள்ளப் பேனைக்குள் இருந்த சுருள்வில். தொடுமுனைக்கு முதலில் பித்தளைத் திருகாணி போட்டேன். கல்லடிக் கடற்காற்றுக்கு அது சீக்கிரமே கறுத்து, ஒலி விட்டுவிட்டு வந்தது. பழைய ரிலே (மின்காந்தத்தால் இயங்கும் ஆளி, அதாவது சுவிட்ச்) ஒன்றிலிருந்து வெள்ளி முனைகளைக் கழற்றிப் பூட்டிய பிறகு தொல்லை இல்லை. பலகையும் பாரம் போதாமல் மேசையில் நகர்ந்துகொண்டே இருந்தது. அடியில் இரும்புத் தகடு வைத்து முடுக்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் கதவைத் தட்டுவது போலத் தட்டினேன். எல்லாமே ‘டிட்’ (குறுகிய ஒலி) ஆகப் போயிற்று. ‘டா’ (நீண்ட ஒலி) வேண்டுமென்றால் மூன்று டிட் நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் டிட்டுக்கு 0.1 வினாடி, டாவுக்கு 0.3. (இலக்கணக்காரர் கவனிக்க: நெடிலுக்கு இரண்டு மாத்திரைதான். மூன்று என்றால் டா அளபெடை!) மணிக்கட்டு இறங்கிக் குமிழை அழுத்துகிறது, நிற்கிறது, விடுகிறது. இதில் தட்டல் எங்கே?

‘சாவி’ என்று எழுதியவருக்கு: எங்கள் பக்கம் கதவுக்கு இருப்பது திறப்பு. ‘தந்தித் திறப்பு’ கேட்டால் கல்முனைக் கடையில் பூட்டை எடுத்து வைப்பார்கள். ‘விசை’ பள்ளிக்கூடத்தில் நியூட்டனிடம் போய்விட்டது. ‘ஆளி’ கிட்ட வருகிறது, ஆனால் சுவரில் இருக்கிற ஆளி போட்டபடியே கிடக்கும். கீ கை எடுத்ததும் எழும்பிவிடும். தந்தி ‘அடித்தோம்’ என்பதால் ‘அடிகோல்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பொருத்தம்தான், அடிக்கல் நாட்டு விழா ஞாபகம் வராவிட்டால்.

என் முன்மொழிவு: ஒற்றுகோல். ஒத்தடம் கொடுக்க ஒற்றும்போது கை என்ன செய்கிறது? வைத்து, அழுத்தி, எடுக்கிறது. கீயிலும் அதேதான். செய்தி கொண்டுபோகிற ஒற்றனும் கூடவே வருகிறான், அது இனாம்.

---

> ஒற்று என்றதும் பிள்ளைகளுக்குப் புள்ளி வைத்த மெய்யெழுத்துத்தான் வரும். ‘அமுக்கி’ என்றே வைக்கலாமே?

அமுக்கி ஏற்கெனவே கம்பிரசருக்குப் போய்விட்டது, அண்ணன். மெய்யெழுத்துக் குழப்பம் ‘கோல்’ சேர்ந்ததும் குறையும் என்று நினைக்கிறேன். முழுக்கப் போகாது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு விரலால் பக்கவாட்டில் நெருக்குகிற பேடில் இருக்கிறதே, அதற்கு ஒற்றுகோல் பொருந்தாது. அங்கே கீழே அழுத்துவது எதுவும் இல்லை. அதற்குத் ‘துடுப்பு’ என்றால் வாவிக்கரையில் யாரும் மறுக்க மாட்டார்கள். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள். என் சுற்றுப்படத்தில் இப்போதைக்கு ‘ஒற்றுகோல்’ என்று பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.