பசுமைச் சகாரா காய்ந்தது சட்டென்றா, படிப்படியாகவா?

(தத்தம் தடயத்தின் பெயரிலேயே மூவர் வாதிடுகிறார்கள்.)

கடற்சேறு:
சகாரா ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்தது என்பதில் இங்கே யாருக்கும் ஐயமில்லை. அது எவ்வளவு விரைவில் பாலையானது என்பதே என் கேள்வி. மொரிட்டானியக் கரைக்கு அப்பால் கடலடியில் துளையிட்டு எடுத்த சேற்றை ஆராய்ந்து, பீட்டர் டிமெனோகல் குழுவினர் 2000-இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. காற்று கொண்டுவந்து கொட்டிய பாலைத் தூசி சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன் சட்டெனக் குறைந்து, சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் சட்டெனப் பெருகியிருக்கிறது. புவியின் அச்சு மெல்லத் திசைமாறியதால் கோடை வெயில் படிப்படியாகத்தான் குறைந்தது. ஆனால் மழை குறையப் புல் குறைந்து, புல் குறைய மழை மேலும் குறைந்து, ஒரு கட்டத்தில் நிலம் நிலைதடுமாறிவிட்டது.

ஏரிக்கரை:
நண்பரே, தூசி மழைமானி அன்று. ஏரி வற்றிப் படுகை வெளிப்பட்டால், மழை சிறிதே குறைந்திருந்தாலும் தூசி ஒரேயடியாகப் பெருகும். இன்றும் சாட் நாட்டின் போதேலே பள்ளத்தில் காற்று வாரி இறைப்பது, பழைய ஏரியில் வாழ்ந்த டயாட்டம் பாசிகளின் ஓடுகளையே. அதே நாட்டின் வடக்கே யோவா ஏரியின் அடிச்சேற்றைப் பாருங்கள். வெளிறியதும் கருத்ததுமாக மெல்லிய இழைகள், புத்தகத்தின் தாள்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாக 6,000 ஆண்டுகளுக்குப் படிந்திருக்கின்றன. அவற்றிலுள்ள மகரந்தத்தை எண்ணிய ஸ்டெஃபான் க்ரோப்பெலின் குழுவினர், புல்வெளித் தாவரங்கள் பாலைத் தாவரங்களுக்கு மெல்ல மெல்ல இடம்விட்டதை 2008-இல் காட்டினர். இடையில் செங்குத்தான சரிவு எதுவும் இல்லை.

கடற்சேறு:
ஆண்டுக்கு ஆறு மீட்டர் நீர் ஆவியாகும் இடத்தில் அந்த ஏரி இன்றும் உயிரோடிருப்பது பழைய நிலத்தடி நீரால்தான். மழை நின்றபின்னும் ஊறிக்கொண்டிருந்த ஏரியை மழைக்குச் சாட்சியாக எப்படி நிறுத்துகிறீர்கள்? மேலும், நன்னீராக இருந்த அது சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் சில நூற்றாண்டுகளுக்குள் உப்பேறியது என்று அதே ஆய்வுதான் சொல்கிறது.

ஏரிக்கரை:
நிலத்தடி நீரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஏரியின் நீர்மட்டத்தை வைத்து நான் வாதிடமாட்டேன். ஆனால் மகரந்தம் ஊற்றிலிருந்து வருவதில்லை, சுற்றுப்புற நிலத்திலிருந்து காற்றில் வருகிறது. உப்பேறியதோ, ஊறும் நீர் ஆவியாகும் நீருக்கு ஈடுகொடுக்க முடியாமற்போன ஒரு வரம்பைக் காட்டுகிறது. வானிலை மெதுவாக மாறினாலும் இத்தகைய வரம்புகள் திடீரென்றுதான் கடக்கப்படும். உங்கள் தூசிக்கும் இது பொருந்தும் என்பதே என் வாதம்.

இலைமெழுகு:
இருவரும் ஆளுக்கோர் இடத்துச் சேற்றை மட்டும் வைத்து முழுப் பாலைக்கும் தீர்ப்புச் சொல்கிறீர்கள் என்பது என் வருத்தம். மழைக்கு இன்னும் நெருக்கமான தடயம் உண்டு. இலைகளின் மேலுள்ள மெழுகு காற்றோடு கடலுக்குப் போய்ச் சேற்றில் அழியாமல் கிடக்கிறது. செடி குடித்த மழைநீரில் சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் கனமான ஹைட்ரஜன் எவ்வளவு என்ற விகிதம் அதில் பதிந்திருக்கிறது. பெருமழைக் காலத்தில் அந்த விகிதம் குறையும். மெழுகைக் கொண்டு செய்த 2015-ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஈரக்காலம் வடக்கே முன்னதாகவும் தெற்கே பிந்தியும் முடிந்ததைக் காட்டியது. பருவமழை தெற்கு நோக்கிப் பின்வாங்கியதே காரணம்.

கடற்சேறு:
அப்படியானால் முழுப் பாலைக்கும் ஒரே நாள் குறிக்க முடியாது என்பதை ஏற்கிறேன். ஆயினும், பருவமழையின் விளிம்பு ஓர் ஊரைக் கடந்துபோன அந்த ஓரிடத்தில், மாற்றம் சில தலைமுறைகளுக்குள் நடந்திருக்கலாம் என்ற என் கருத்தை இது மறுக்கவில்லை. யோவாவுக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஏரிப்படுகைகளில்தான் இதற்கு விடை தேட வேண்டும்.