புதுப்பிப்பு: கொண்டைக்கடலை ரோல் உதிராமல் வந்துவிட்டது

சாண்ட்விச்சில் இறைச்சிக்குப் பதிலாக வைக்கும் கொண்டைக்கடலை ரோல், கத்தி பட்டதும் உதிர்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, கோதுமை குளூட்டன் (கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த புரதம், பொடியாகக் கிடைப்பது) சேர்க்கச் சொன்னவரின் வழிதான். மசித்த கடலை 1 கப், குளூட்டன் 1 கப், பூண்டு, மிளகு, உப்பு, கடலை வெந்த தண்ணீர் கொஞ்சம். இழை இழையாக இழுபடும்வரை பிசைந்து, ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் வேகவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். இதை விடவே கூடாது. சூட்டோடு வெட்டினால் ரப்பர் மாதிரி இழுக்கிறது, குளிர்ந்தபின் மெல்லிசாக, ஓரம் பிசிறாமல் வருகிறது.

எதிர்பாராதது: நிறத்துக்குச் சேர்த்த பீட்ரூட் சாறு ஆவியில் பழுப்பாகிவிட்டது. சுவையில் குறையில்லை.

குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு, குளூட்டனுக்குப் பதில் கடலைமாவு சேர்க்கச் சொன்ன யோசனை பரவாயில்லை. தடிமனாக வெட்டினால் நிற்கிறது.