0.8 மி.மீ. வெறும் பெயிண்ட் கனமா? கேம்பர் டிரெய்லருக்கு அடாப்டர் வாங்குகிறவர்கள் படிக்கவும்

கம்பம் லேத்:
குமுளி நண்பர் ஒருவர் கேம்பர் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டி) இழுப்பதற்கு அடாப்டர் கேட்டிருந்தார். அவர் ஜீப்பின் பின்னால் இருப்பது 1¼ அங்குல ரிசீவர், அதாவது பந்துக் கம்பியைச் செருகும் சதுரக் குழாய். கேம்பரின் கப்ளர், அதாவது பந்தைக் கவ்வும் மூக்கு, அமெரிக்க அளவு, 2 அங்குலம். கையில் இருக்கும் ஹிட்ச் பந்து 50 மி.மீ. அதற்குக் கொழிஞ்சாம்பாறை நண்பர் தந்த பதிலை அப்படியே போடுகிறேன்: “1¼ அங்குல ரிசீவரை 2 அங்குலம் ஆக்கும் அடாப்டரை மாட்டுங்கள். பந்து 50 மி.மீ. ஆனாலும் 2 அங்குலம் ஆனாலும் ஒன்றுதான். 0.8 மி.மீ. வித்தியாசம் என்பது பெயிண்ட் கனம்.”

இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 2 அங்குலம் என்றால் 50.8 மி.மீ. வண்டிக்கு அடிக்கும் பெயிண்ட், பிரைமர் எல்லாம் சேர்ந்தாலும் 0.1, 0.15 மி.மீ.தான் வரும். எங்கள் பட்டறையில் 0.02 மி.மீ. பிசகினால் பேரிங் உட்காராது. குடும்பத்தையும் அரை டன்னையும் கட்டி மலை ஏறப்போகிறவரிடம் பெயிண்ட் கனம் என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

கொழிஞ்சாம்பாறை:
பேரிங் வேறு, ஹிட்ச் வேறு. பேரிங் இறுக்கமாக உட்கார வேண்டும், ஹிட்ச் பந்தில் கப்ளர் சுழல வேண்டும். சுழலும் இடத்தில் இடைவெளி இல்லாமல் எப்படி? அமெரிக்கக் கப்ளரின் அடியில் ஒரு நட்டு இருக்கிறது. அதை இறுக்கினால் தாடை மேலேறிப் பந்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நட்டை வைத்ததே இதற்காகத்தான். லேத் வைத்திருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் வெர்னியரால் அளக்கத் தோன்றும். நான் சொன்னது சொன்னதுதான், பெயிண்ட் கனம்.

கம்பம் லேத்:
அந்த நட்டு 2 அங்குலக் கப்ளரை 2 அங்குலப் பந்துக்குப் பொருத்துவதற்கு வைத்தது. அதை இறுக்கினால் தாடை ஒரு பக்கமாகத்தான் நெருங்கும். மேலே இருக்கும் கிண்ணத்தின் வளைவு 50.8-க்கு வார்த்தது, அது சுருங்காது. சிறிய பந்து அந்தக் கிண்ணத்தில் பரவி உட்காராமல் ஓரிடத்தில் மட்டும் தொடும், அந்த இடம் சீக்கிரம் தேயும். பந்தின் இடுப்புக்குக் கீழே தாடை கவ்வும் அளவும் குறையும். பந்தின் தலையில் 50 என்றும் கப்ளரில் 2 என்றும் எதற்காக அச்சிட்டிருக்கிறார்கள்? அழகுக்கா?

செங்கோட்டை வழிப்போக்கர்:
இருவரிடமும் ஒரு கேள்வி. அடாப்டர் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்? சிறிய ரிசீவரைப் பெரியதாக்கும் நீட்டிப்பா, 2½ அங்குல ரிசீவருக்குள் போடும் உறையா, பந்தைத் தாங்கும் கம்பியா? மூன்றுக்கும் கணக்கு வேறு. குமுளி நண்பர் கேட்டது முதலாவதைத்தான் என்று நினைக்கிறேன். அங்கே பந்தைவிடப் பெரிய சிக்கல் நீளம். ரிசீவரில் கம்பியைப் பூட்டும் ஊசியிலிருந்து பந்து வரை 20 செ.மீ. இருந்தது, அடாப்டர் இன்னும் 15 செ.மீ. பின்னுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே முன்பாரம் (டிரெய்லரின் மூக்கு பந்தை அழுத்தும் எடை) ரிசீவரை முறுக்கும் விசை ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். நீட்டிப்பு மாட்டினால் ஹிட்சின் திறனைப் பாதியாகக் கணக்கிடுங்கள் என்று சில தயாரிப்பாளர்களே அச்சிட்டுத் தருகிறார்கள். அடாப்டரில் 3,500 பவுண்டு என்று பொறித்திருந்தாலும் ரிசீவர் முதல் வகுப்பாக (எடைத் திறனில் மிகக் குறைந்த வகை) இருந்தால் 2,000 பவுண்டுதான், அதாவது சுமார் 907 கிலோ. எது பலவீனமோ அதுவே எல்லை. முதலில் இதைப் பேசுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:
நீளத்தைப் பிறகு பார்க்கலாம். பெயிண்ட் கனத்துக்கு வருகிறேன். ஐரோப்பாவில் பந்து 50 மி.மீ. அது தேய்ந்து 49 மி.மீ. ஆகும் வரை ஓட்டலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். முழுதாக ஒரு மி.மீ.! அவர்கள் ஒரு மி.மீ. தேய்மானத்தோடு ஆல்ப்ஸ் மலையில் கேரவன் இழுக்கிறார்கள். இங்கே 0.8-க்கு ஊரைக் கூட்டுகிறார் கம்பத்து அண்ணன்.

கம்பம் லேத்:
நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 49 என்பது 50 மி.மீ. கப்ளருக்குள் ஓடும் பந்தின் கடைசி எல்லை. அதைத் தொட்டால் மாற்றியாக வேண்டும். உங்கள் கணக்கில் புதுப் பந்தே 0.8 குறைவோடு புறப்படுகிறது. அவர்கள் சாலையை விட்டு இறக்கும் இடத்துக்குக் கிட்டத்தட்ட முதல் நாளே வந்துவிட்டீர்கள். அதன் மேல் ஒரு மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 1.8. இதுவும் பெயிண்ட் கனமா? எத்தனை கோட் பெயிண்ட்?

வண்டிப்பெரியாறு வாசி:
அளவு ஒருபுறம் இருக்கட்டும். டிரெய்லர் தனி வாகனம், அதற்குத் தனிப் பதிவு வேண்டும். வண்டியில் விருப்பப்படி மாற்றம் செய்வதற்கும் சட்டம் இடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைப் பாருங்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது, அதுவும் கேரளத்திலிருந்து போன வழக்கில். குமுளி தாண்டினால் எங்கள் பக்கத்து அதிகாரிகள் குனிந்து பார்ப்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறீர்கள்.

போடி ஏலத்தோட்டம்:
“தமிழ்நாட்டுக்காரர்கள்” என்று பொதுவாக அடிக்க வேண்டாம். சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். போன மழைக்காலத்தில் டயர் விவாதத்திலும் இதே ஐயா இதே தொனியில்தான் எழுதினார், நான் மறக்கவில்லை.

கம்பத்து அண்ணன் சொல்வதே சரி. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் இழுவைக்கம்பி பக்கவாட்டில் மடங்கி, வண்டி மேலேறும்போது கப்ளர் ஒரு பக்கமாகச் சாயும். அங்கே ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை பிரேக் அழுத்தும்போதும் ‘டக் டக்’ என்று இடிக்கும். பந்தில் கிரீஸ் தடவினால் ஓரளவு சத்தம் குறையும்.

கொழிஞ்சாம்பாறை:
கிரீஸா? உராய்வுத் தகடு வைத்த ஸ்டெபிலைசர் கப்ளராக இருந்தால் பந்து உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். கிரீஸ் பட்டால் தகடு வழுக்கும், ஆட்டத்தைத் தடுக்கும் வேலையே நின்றுவிடும். அடிப்படை தெரியாதவர்கள் எல்லாம் கம்பத்தாருக்குச் சாட்சி சொல்ல வருகிறார்கள்.

போடி ஏலத்தோட்டம்:
குமுளி நண்பருடையது சாதாரணக் கப்ளர். சாதாரணக் கப்ளருக்கு மெல்லிசாகக் கிரீஸ் வைப்பதுதான் வழக்கம். கேட்டவரின் கப்ளர் எது என்று படிக்காமலேயே பாடம் எடுக்கிறீர்கள்.

கொழிஞ்சாம்பாறை:
நான் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். படிக்காதவர் யார் என்று தெரியும். திராட்சைத் தோட்டத்தில் டிராக்டருக்குப் பின் போல்ட் மாட்டிப் பழகியவர்கள் பந்துக் கப்ளரைப் பற்றி எழுதுவதுதான் இங்கே வேடிக்கை. டிராக்டர் கொக்கியில் விரல் நுழையும் அளவுக்கு ஆட்டம் இருக்கிறது. அதில் யாரும் 0.8 மி.மீ. பேசுவதில்லையே?

கம்பம் லேத்:
டிராக்டரைப் பழித்ததால் இதை நீளமாகவே எழுதுகிறேன்.

டிராக்டர் இணைப்பு என்பது காதும் பின்னும். ஆட்டம் இருந்தாலும் பின் மேலிருந்து கீழாகக் குத்தி நிற்கிறது. கழன்று போக வேண்டுமானால் பின் முறிய வேண்டும், அல்லது பூட்டு ஊசி விழ வேண்டும். மெதுவாக நகரும் வாகனம் அது. பந்துக் கப்ளரில் பிடிப்பு முழுவதும் தாடை கவ்வுவதில்தான் இருக்கிறது. பள்ளத்தில் சக்கரம் விழுந்து டிரெய்லரின் மூக்கு மேலே துள்ளும்போது, பந்தின் இடுப்புக்குக் கீழே எவ்வளவு இரும்பு கவ்வியிருக்கிறதோ அவ்வளவுதான் உயிர். அந்தக் கவ்வலைத்தான் 0.8 மி.மீ. தின்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் டிராக்டரை இழுத்தது நீங்கள்.

செங்கோட்டை நண்பர் சொன்ன நீளக் கணக்கு என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. அடாப்டர் பந்தைப் பின்னுக்குத் தள்ளினால் துள்ளல் கூடும். துள்ளல் கூடினால் கவ்வல் சரியாக இருக்க வேண்டும். 600 கிலோ கேம்பர் என்றால் முன்பாரம் பத்தில் ஒரு பங்காவது, 60 கிலோ, பந்தின் மேல் இருக்க வேண்டும். முன்பாரம் குறைந்த டிரெய்லர் இறக்கத்தில் வாலாட்டும். லோயர் கேம்ப் ராட்சதக் குழாய்களைத் தாண்டிக் குமுளி ஏறுகிறவர் திரும்பி இறங்கியாக வேண்டும் அல்லவா? இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும் பாரம், பிரேக் விட்டதும் இழுக்கும் பாரம், இரண்டும் மாறி மாறி அந்த இடைவெளிக்குள்தான் அடிக்கும்.

பாதுகாப்புச் சங்கிலியைப் பற்றி யாருமே எழுதவில்லை. இரண்டு சங்கிலி, கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். இதையும் கொழிஞ்சாம்பாறை நண்பர் தேவையில்லை என்பாரோ என்னவோ.

கொழிஞ்சாம்பாறை:
சங்கிலி வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? இல்லாததை என் வாயில் திணிப்பது கம்பத்தாரின் பழக்கம். சென்ற ஆண்டு வின்ச் கயிறு விவாதத்திலும் இதையே செய்தார். அன்று பாதியில் எழுந்து போனவர் இன்றுவரை பதில் தரவில்லை.

கம்பம் லேத்:
கயிற்றுக்குப் பதில் அன்றே எழுதிவிட்டேன், நீங்கள் படிக்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். 0.8 மி.மீ. பெயிண்ட் கனமா, இல்லையா?

வண்டிப்பெரியாறு வாசி:
பதிவு பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அணை விவாதத்தைப் போல இங்கேயும் எங்கள் பக்கத்து வாதம் காதில் விழாது.

போடி ஏலத்தோட்டம்:
அணையை இங்கே கொண்டுவர வேண்டாம் ஐயா. டிரெய்லரைப் பற்றிப் பேசினால் பேசுங்கள்.

குமுளி (கேட்டவர்):
அண்ணன்மார்களே, வாகமண் கேரவன் பூங்காவுக்குப் போக வேண்டும். 2 அங்குலப் பந்து வாங்கவா, அல்லது கேம்பரின் கப்ளரை 50 மி.மீ. ஆக மாற்றவா? அடாப்டர் வாங்கவே வேண்டாமா?

செங்கோட்டை வழிப்போக்கர்:
தம்பி, முதலில் உங்கள் ரிசீவரில் என்ன எடை பொறித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். கேம்பரின் எடை, சாமான்களோடு எடை, இரண்டும் வேண்டும். 1¼ அங்குலத்துக்கே நேரடியாக மாட்டும் பந்துக் கம்பி கிடைக்கிறது. சைக்கிள் தாங்கி வேறு மாட்டப்போவதில்லை என்றால் உங்களுக்கு எதற்கு 2 அங்குல அடாப்டர்?

கொழிஞ்சாம்பாறை:
அடாப்டர் வாங்குங்கள் தம்பி. நாளைக்குப் பெரிய ரிசீவர் போட்டாலும் அதே பந்துக் கம்பி உதவும். 50 மி.மீ. பந்தையே வையுங்கள், நட்டை இறுக்குங்கள். பெயிண்ட் கனத்துக்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

கம்பம் லேத்:
கேட்டவர் உயிரோடு விளையாடாதீர்கள். தம்பி, உங்கள் கப்ளர் 2 அங்குலம் என்றால் பந்தும் 2 அங்குலம், அவ்வளவுதான். குமுளியிலிருந்து கம்பம் பக்கம்தான், பந்தையும் கப்ளரையும் பட்டறைக்கு எடுத்து வாருங்கள். காசு வேண்டாம், அளந்து காட்டுகிறேன். கொழிஞ்சாம்பாறை நண்பரும் வரட்டும். தாடையை நட்டால் இறுக்கிய பிறகு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எத்தனை மி.மீ. உள்ளே போகிறது என்று அவரே தன் கையால் நுழைத்துப் பார்க்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை:
நான் எதற்குக் கம்பம் வர வேண்டும்? நீங்கள் பாலக்காடு பக்கம் வாருங்கள். என் வண்டியில் 50 மி.மீ. பந்து, பின்னால் 2 அங்குலக் கப்ளர். நெல்லியாம்பதி வரை ஓட்டிக் காட்டுகிறேன்.

கம்பம் லேத்:
ஓட்டிக் காட்ட வேண்டாம். அளந்த எண்ணைப் போடுங்கள்.