மார்கழிக் காலையில் ஓடி முடித்த பிறகே மகளுக்கு இருமல் வருகிறது. ஏன்?

வைகைக்கரை:
என் மகளுக்கு 16 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். மார்கழி பிறந்ததிலிருந்து, வைகைக்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்தரைக்கு ஓடிவிட்டு வந்தால் இருமல். ஓடும்போது இல்லை. நின்று, முழங்காலில் கையை ஊன்றி ஐந்து நிமிடம் ஆனதும் வறட்டு இருமல் தொடங்குகிறது. மூச்சை விடும்போது மெல்லிய விசில் ஓசை. அரை மணி நேரத்தில் தானாக அடங்குகிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் என் அம்மா. பயிற்சியாளரோ தெம்பு போதவில்லை என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் பிள்ளையை அறுக்கிறது. சித்திரையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் இதைவிடக் கடுமையாக ஓடியவள் அவள்.

பழைய 800 மீட்டர்:
தெம்புக்கும் இதற்கும் தொடர்பே இல்லை ஐயா. எனக்கும் இருந்தது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். முழு வேகத்தில் அது 100 லிட்டரைத் தாண்டும். மூக்கு போதாமல் வாய் திறந்துகொள்ளும். சூடாகாத, வடிகட்டாத காற்று நேரே உள்ளே இறங்கும். மூச்சுக்குழாயின் உட்புறம் உலர்ந்து, சுற்றியுள்ள தசை இறுகிவிடும். குளிர்நாட்டுப் பனிச்சறுக்கு வீரர்களிடம் ஆஸ்துமா அதிகம் காணப்படுவது இதனால்தான். ஆனால் நம் மார்கழிக் காற்று அத்தனை குளிரும் இல்லை, வறட்சியும் இல்லை. புல்லெல்லாம் நனைந்து கிடக்கிறதே! நான் சந்தேகப்படுவது புகையை. இரவில் தரை குளிர்ந்ததும் மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் கவிந்துகொள்ளும். குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் வெயில் ஏறும்வரை தரையோடு கிடக்கும். எட்டு மணிக்கு மேல், சாலையை விட்டு விலகி ஓடவிட்டுப் பாருங்கள். போகியன்று ஓடவே விடாதீர்கள். கோடையில் மட்டும் பிற்பகல் வேண்டாம். வெயிலில் ஓசோன் கூடும், அதுவும் நெஞ்சை எரிக்கும்.

ஊதல் அறை:
நான் ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதவைத்து நுரையீரலைச் சோதிக்கும் பரிசோதனை, எடுப்பவள். ஓய்வாக உட்காரவைத்து எடுத்தால் உங்கள் மகளுக்கு எல்லாம் இயல்பு என்றே வரலாம். அந்தத் தாளை நம்பித் திரும்பிவிடாதீர்கள். ஓடவைத்து, அதன் பிறகும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் விநாடியில் ஊதும் காற்று 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது என்று பொருள். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சல்பியூட்டமால் இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் பயப்பட வேண்டாம். ஊக்கமருந்து விதிகள் அதைக் குறித்த அளவுக்குள் அனுமதிக்கின்றன. மற்ற மருந்துகளை, அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே கொடுங்கள்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று வாங்கினோம். ஓடுவதற்கு முன் 380. கரைச் சாலையில் ஓடி நின்ற பத்தாம் நிமிடம் 310. ஞாயிறு காலை எட்டரைக்கு, யானைமலை அடிவாரத்து மண் பாதையில் அதே தூரம், அதே வேகம்: 365, இருமல் இல்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே கட்டம் போட்டு எழுதுகிறாள். வியாழக்கிழமை அந்த நோட்டோடு மருத்துவரிடம் போகிறோம். பயிற்சியாளரிடமும் காட்டப் போகிறாளாம்.