கிரான்ட்செஸ்டர் ஊர்ப்பெயரும் ‘பழகுசொல் திரிபு’ம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பொருள் புரியாத சொல்லை மக்கள் தமக்குப் பழகிய சொல்லாக மாற்றிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘ஃபோக் எட்டிமாலஜி’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘போலிச் சொற்பிறப்பு’ என்ற பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. ஏனென்று ஓர் ஊரை வைத்துச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக, கிரான்ட்செஸ்டர் என்றொரு கிராமம். மான்செஸ்டர், வின்செஸ்டர் போல இதுவும் ரோமானியர் கோட்டையோ நகரமோ இருந்த ஊர் என்றே பெயரைக் கேட்டால் தோன்றும். ஆனால் 1086ஆம் ஆண்டு டூம்ஸ்டே என்ற இங்கிலாந்து நிலப் பதிவேட்டில் இவ்வூர் ‘கிரான்டெசெட்டா’. கிரான்டா என்பது அந்த ஆற்றின் பழைய பெயர். ‘சேட்டெ’ என்றால் பழைய ஆங்கிலத்தில் குடியிருப்போர். ஆற்றங்கரைக் குடிகள், அவ்வளவுதான். சாமர்செட், டார்செட் பெயர்களின் வாலிலும் இதே சொல்தான் ஒட்டியிருக்கிறது. அது வழக்கொழிந்த பிறகு யாருக்கும் பொருள் புரியவில்லை. காதுக்குப் பழகிய ‘செஸ்டர்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. பீட் என்ற ஆங்கிலத் துறவி 731இல் முடித்த திருச்சபை வரலாற்றில், ஈலி மடத்துத் துறவியர் அம்மடத்தை நிறுவிய புனித எதெல்திரித்தின் உடலை வைக்கக் கல் தேடிப் படகேறுகிறார்கள். ஈலி சதுப்பு நிலம், பெரிய கல் கிடைக்காது. ‘கிரான்டகேஸ்டிர்’ என்ற பாழடைந்த சிறுநகரின் மதிலருகே வெள்ளைப் பளிங்குப் பேழை கிடைக்கிறது. பெயரைப் பார்த்தால் இந்தக் கிராமம் போலிருக்கும். உண்மையில் அது கேம்பிரிட்ஜ்.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பிறகு ‘போலி’ எதற்கு? இலக்கணத்தில் அறம் ‘அறன்’ ஆவதற்கு அந்தச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. மரூஉவும் பொருந்தாது. தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆனது தேய்வு. இங்கே நடந்ததோ புரியாத சொல் புரிந்த சொல்லின் உருவத்துக்கு மாறியது. அதனால் ‘பழகுசொல் திரிபு’ என்று வைக்கலாம்.

—

வணக்கம். ‘போலி’யை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொல்வது சரி. அப்புறம் அந்த ஆற்றின் இன்றைய பெயரான ‘கேம்’? அதையும் இதில் சேர்ப்பீர்களா?

—

இல்லை ஐயா, அது வேறு. ‘கிரான்டபிரிட்ஜ்’ ‘கான்டபிரிட்ஜ்’ ஆகி, கேம்பிரிட்ஜ் ஆனது ஒலி மாற்றம். ஊர்ப்பெயர் மாறிய பின்தான் அதிலிருந்து ‘கேம்’ என்று வெட்டியெடுத்து ஆற்றுக்கு வைத்தார்கள். அதற்குப் ‘பின்னாக்கம்’ போதும். ஆற்றின் மேல்பகுதியை இன்றும் கிரான்டா என்றுதான் சொல்கிறார்கள்.