மூச்சைக் கவனித்தால் திக்கல் கூடுகிறதே, என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:
வணக்கம். எனக்கு வயது 34. நினைவு தெரிந்த நாள் முதல் திக்குவாய். ஆறு மாதங்களாகத் தினமும் காலையில் 20 நிமிடம் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி செய்து வருகிறேன். மூச்சு வந்து போவதைப் பார்ப்பது, மனம் அலைந்தால் கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வருவது, அவ்வளவுதான். அந்த 20 நிமிடங்களும் மனம் அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் முறை வரும்போது அதே மூச்சைக் கவனிக்கத் தொடங்கினால், மூச்சு நின்று, தொண்டை இறுகி, என் பெயரின் முதலெழுத்தான 'க' முன்னைவிட அதிக நேரம் அடைத்துக்கொள்கிறது. மற்ற சொற்களை மாற்றிச் சொல்லித் தப்பிக்கலாம், சொந்தப் பெயரை எப்படி மாற்றுவது? நான் தவறாகச் செய்கிறேனா, அல்லது நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராதா?

சைதை டிக்கெட்:
நண்பரே, நானும் இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றவன்தான். சிறுவயதில் 'ஆழமாக மூச்சை இழு, விடும்போது பேசு' என்று என்னைப் பழக்கியிருந்தார்கள். அதனால் மூச்சு என்றாலே அதைச் சரிசெய்யத்தான் கை பரபரக்குமே தவிர, சும்மா பார்க்க எனக்கு வராது. பிறகு கவனத்தைப் பாதத்துக்கு மாற்றினேன். செருப்பின் அடியில் தரை அழுத்துவதைக் கவனிப்பதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

என் புனைபெயருக்கும் காரணம் உண்டு. பல்லாவரத்தில் பேருந்து ஏறிக் கிண்டியில் இறங்க வேண்டியவன், 'கி' வராது என்பதால் பல ஆண்டுகள் அதைத் தாண்டியுள்ள சைதாப்பேட்டைக்கு டிக்கெட் வாங்கிக் கிண்டியிலேயே இறங்கியிருக்கிறேன். நடத்துநர் மூன்று இருக்கை தள்ளி வரும்போதே என் மனம் ஊரை மாற்றிவிடுகிறது என்பதைப் பயிற்சி தொடங்கிய பிறகுதான் கண்டேன். அதுவரை நான் யோசித்து எடுக்கும் முடிவு அது என்றே நம்பியிருந்தேன். ஒருநாள் மாற்றாமல் 'கி' என்று தொடங்கி, அடைத்து, ஐந்து நொடிக்குப் பிறகு முடித்தேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "சில்லறையா கொடுங்க சார்" என்றார்.

பேச்சுப் பயிற்சியாளர்:
முதல் விடையில் உள்ளதை நான் சிகிச்சை அறையில் அடிக்கடி காண்கிறேன். திக்கல் பதற்றத்தால் பிறப்பதன்று. மூளையில் பேச்சை இயக்கும் பகுதிகளின் வேறுபாடும் மரபும் சேர்ந்து, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்குவது. ஆகவே மனம் அமைதியடைந்தால் திக்கல் போய்விடும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை இல்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சிக்கு முதலில் வந்தவர்களில் பலர் தீராத வலியுடையவர்கள்; வலியை விரட்டுவதைவிட, வலியோடு நடக்கும் சண்டையைக் குறைப்பதே அதன் நோக்கம். திக்கலை ஆராய்ந்த உளவியலாளர் ஜோசப் ஷீஹன் அதைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டார்: காதில் விழுவது மேல்நுனி, வெட்கமும் அச்சமும் தவிர்ப்பும் நீருக்கு அடியில். உங்கள் பயிற்சி பயன்படுவது அந்த அடிப்பகுதியில்தான்.

கூட்டத்திலேயே தொடங்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் பேசும்போது வேண்டுமென்றே ஒரு சொல்லில் திக்கி, எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். 'க' என்பதற்கு நாவின் பின்பகுதி அண்ணத்தைத் தொட்டாலே போதும். அடைப்பின்போது அது அங்கே அழுந்தி நிற்கும். அந்த அழுத்தத்தை உணர்ந்து, சொல்லைப் பாதியில் விடாமல், மெல்லத் தளர்த்திக்கொண்டே வெளியே வாருங்கள். திக்கல் சிகிச்சை நிபுணர் சார்லஸ் வான் ரைப்பர் கற்பித்த முறைகளில் இதுவும் ஒன்று.

திருச்சிக்காரி:
மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பாரத்தையும் திக்குபவர் தலையிலேயே ஏற்றுவது எனக்கு உறுத்துகிறது. என் முந்தைய அலுவலகத்தில் நான் வாயைத் திறந்ததும் மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என் வாக்கியத்தை அவரே (பெரும்பாலும் தவறாக) முடித்து வைப்பார். அந்த அறையில் பாதத்தை எவ்வளவு கவனித்து என்ன பயன்? புதிய இடத்தில் முதல் நாளே, "எனக்குத் திக்குவாய் உண்டு, சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்" என்று கூறிவிட்டேன். மறைக்கும் வேலை போனதே பாதி ஓய்வு. கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் அலுவலகத்தில் யாரிடமாவது இதைச் சொல்லியிருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
அனைவருக்கும் நன்றி. சொன்னதில்லை அம்மா, நேற்றுதான் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன், அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. இன்றைய கூட்டத்தில் பாதம் நினைவுக்கே வரவில்லை. ஆனால் 'க' அடைத்தபோது வலது கட்டைவிரல் மேசை விளிம்பை அழுத்திக்கொண்டிருப்பது தெரிந்தது, அதைத் தளர்த்தினேன். அதன் பிறகும் சிறிது நேரம் அடைத்துவிட்டுத்தான் பெயர் வந்தது. பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி: தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்று கத்தும்போதும் இதே முறைதானா?