தலையணைக்கடியில் கரண்டி: இதையெல்லாம் வழக்காறு என்று எழுதிக் கொடுக்கலாமா?

வைகைக்கரை:

வணக்கம். நான் மதுரைப் பெண். பென்சில்வேனியாவில் லான்காஸ்டர் பக்கம் தங்கி முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் விருப்பப் பாடமாக நாட்டார் வழக்காற்றியல் (மக்களிடையே வழிவழியாகப் புழங்கும் நம்பிக்கை, பழக்கம், கதை, பாட்டு போன்ற வழக்காறுகளைப் பற்றிய படிப்பு) எடுத்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் புழங்கும் வழக்காறுகளில் 20-ஐ நேரில் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வாரம் அலைந்ததில் நோட்டில் ஏறியவை இவைதான்.

பனி கொட்டிப் பள்ளி விடுமுறை வர வேண்டுமென்றால், பிள்ளைகள் இரவு உடையை உள்புறம் வெளியே திருப்பிப் போட்டுக்கொண்டு, தலையணைக்கடியில் கரண்டி வைத்துப் படுக்கிறார்கள். கார் தண்டவாளத்தைக் கடக்கும்போது காலைத் தூக்கிக்கொள்கிறார்கள். கல்லறைத் தோட்டம் தாண்டும்வரை மூச்சை அடக்குகிறார்கள். புத்தாண்டன்று பன்றி இறைச்சியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் சாப்பிட்டால் நல்லது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்.

சேகரிப்பு என்றால் மலைக்கிராமத்துப் பாட்டியிடம் விடிய விடியப் பாட்டுக் கேட்டு எழுதுவது என்று நினைத்து வந்தவள் நான். இவையோ ஒரு வரிக்கு மேல் நீளவில்லை. கொடுக்கவே கூச்சமாக இருக்கிறது. இந்தப் பாடம் படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய பெர்க்லி மாணவன்:

தங்கைக்கு வணக்கம். கூச்சம் வேண்டாம். உங்கள் பட்டியலை மூன்று முறை படித்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

1994-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தபோது, நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் ஆலன் டண்டிஸ் நடத்திய அறிமுக வகுப்பில் உட்கார்ந்தவன் நான். அங்கே ஆளுக்கு 40 வழக்காறுகள். எழுதினால் மட்டும் போதாது, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் தர வேண்டும். மாணவர்கள் அப்படி ஆண்டாண்டாகக் கொடுத்தவை அந்தப் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் சுமார் 5 லட்சம் சேர்ந்திருக்கின்றன. மலைக்கிராமத்துப் பாட்டி மட்டும்தான் நாட்டார் என்ற நினைப்பை எங்களிடமிருந்து முதல் வாரமே அவர் பிடுங்கிப் போட்டுவிட்டார். பொதுவாக ஏதாவது ஓர் இழை இருந்தால் போதும், எந்தக் கூட்டமும் நாட்டார்தான். அது தொழிலாக இருக்கலாம், மதமாக இருக்கலாம், ஒரே குடும்பமாகவும் இருக்கலாம். அலுவலகங்களில் ஜெராக்ஸ் எடுத்துக் கைமாறிய கேலிப்படங்களைக்கூட அவர் திரட்டிப் புத்தகமாக்கியிருக்கிறார். அப்படியிருக்க, உங்கள் கரண்டிக்கு என்ன குறை?

ஒரு வரிக்கு மேல் நீளவில்லை என்கிறீர்களே, அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என் 40-இல் 17-ஆவதை இன்றும் மறக்க முடியவில்லை. விடுதிச் சமையற்கூடத்தில் மெக்ஸிகோ வழிவந்த ஓர் அம்மா வேலை செய்தார். பேரனுக்கு இரவெல்லாம் காய்ச்சலும் அழுகையுமாக இருந்ததாம். பச்சை முட்டை ஒன்றை எடுத்துத் தலையிலிருந்து பாதம்வரை தடவி, தண்ணீர் டம்ளரில் உடைத்து ஊற்றினாராம். வெள்ளைக்கரு நூல்நூலாக மேலே எழும்பியதைப் பார்த்து, 'மால் தே ஓஹோ', கண் பட்டுவிட்டது என்று முடிவு செய்தாராம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஆத்தா உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதேதான் இது என்று, அவர் பேசி முடிப்பதற்குள் மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். 'கண்ணேறு கழித்தல். இந்தியாவிலும் உண்டு' என்று நாலு வரியில் முடித்துக் கொடுத்தேன்.

தாளைத் திருத்திய உதவி ஆசிரியை, ஓரத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதித் திருப்பிக் கொடுத்தார். யாருடைய கண்? அது எப்படித் தெரிந்தது? கண் படாமலிருக்க அந்த ஆள் என்ன செய்திருக்க வேண்டும்?

மறுபடி போனேன். அந்த அம்மா உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, எட்டி என் தலையைத் தொட்டார். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் 'எவ்வளவு அழகான பிள்ளை' என்று பேரனைப் பார்த்து ஆசைப்பட்டாளாம். இப்படித் தொட்டுவிட்டு இறங்கியிருந்தால் ஒன்றும் வந்திருக்காதாம். தொடாமல் போனதால்தான் காய்ச்சல்.

நாம் கன்னத்தில் மை வைத்துக் கண்ணைத் திசைதிருப்புகிறோம். அங்கே ஆசைப்பட்டவரையே கூப்பிட்டுத் தொடச் சொல்கிறார்கள். 'இந்தியாவிலும் உண்டு' என்ற என் வரி இந்த வித்தியாசத்தை முழுக்க மூடிவைத்திருந்தது. வெளியூரிலிருந்து வந்து சேகரிக்கும் நமக்கு இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே தங்கையே, புதிதாக 16 தேடி ஓடாதீர்கள். கையிலிருக்கும் நாலுக்குத் திரும்பிப் போங்கள். கரண்டி மரமா, உலோகமா? பிள்ளைகளுக்கு யார் சொன்னது? பனி பெய்யாவிட்டால் யார் மேல் பழி? சில வீடுகளில் கழிப்பறையில் பனிக்கட்டியைப் போட்டுத் தண்ணீர் விடுவதும் உண்டு, அதையும் கேளுங்கள். பன்றி இறைச்சி நல்லது என்றால், அன்றைக்கு எது ஆகாது? அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், சுருக்காதீர்கள். தேதி, இடம், சொன்னவர் வயது, யாரிடம் கற்றார், இவ்வளவும் வேண்டும். இவை இல்லாத தாளைக் காப்பகத்தில் வைத்து யாருக்கும் பயனில்லை.

ஜார்ஜியா ஆசிரியை:

அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் இருக்கும் ஜார்ஜியாவில், வடகிழக்கு மூலையிலுள்ள ராபன் கவுன்டியில், 1966-இல் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் இதே வேலையைத் தொடங்கினார்கள். அப்பலாச்சிய மலைவாசிப் பெரியவர்களிடம் டேப் ரெக்கார்டரும் கேமராவுமாகப் போய், மரக்கட்டை வீடு கட்டுவது, பன்றி அறுத்துப் பதப்படுத்துவது, ராசி பார்த்து விதைப்பது என்று கேட்டுப் பத்திரிகையாகப் போட்டார்கள். பெயர் 'ஃபாக்ஸ்ஃபயர்'. மட்கிய மரத்தில் இருட்டில் ஒளிரும் பூஞ்சைக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். 1972-இல் புத்தகமாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. பதின்வயதுப் பிள்ளைகள் செய்த வேலை அது!

ஒலிப்பதிவு செய்வதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள். பெயர் போடலாமா என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு.

வைகைக்கரை:

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று மாலை கீழ்வீட்டுக்குப் போனேன், வரும்போது மணி ஒன்பதரை.

வீட்டுக்கார அம்மாவுக்கு 71 வயது. பென்சில்வேனியா டச்சுக் குடும்பம் (பெயரில்தான் டச்சு, வழி ஜெர்மானிய வழி). எது ஆகாது என்று கேட்டேன். சட்டென்று, "கோழி!" என்றார். பன்றி மூக்கால் மண்ணை முன்னால் முட்டித் தள்ளும். கோழி காலால் பின்னுக்குச் சீய்க்கும். வருடத்தின் முதல் நாளே பின்னுக்குப் போகலாமா என்று என்னைத் திருப்பிக் கேட்டார், விரல்களால் மேசையைச் சீய்த்துக் காட்டியபடியே. சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மா செய்து காட்டியதாம்.

பிறகு நான் கேட்காமலே பருப்புக் கதை வந்தது. கணவர் இத்தாலிய வழி. அவர்களுக்குப் புத்தாண்டில் மைசூர்ப் பருப்பு இனத்துப் பருப்பு வேண்டும், நாணயம் போல் வட்டமாக இருப்பதால் பணம் சேருமாம். கல்யாணமான புதிதில் இந்த அம்மா அதைச் சமைக்க மாட்டேன் என்றிருக்கிறார். அப்புறம் கணவர் தட்டருகே மட்டும் ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருக்கிறார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஜனவரி 1 அன்றும் ஒரு கிண்ணம் பருப்பு வேகவைத்ததாகச் சொன்னார். யார் சாப்பிட்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த இடத்தை நோட்டில் காலியாக விட்டிருக்கிறேன்.

கரண்டி உலோகம்தான். எட்டு வயதுப் பேரனுக்கு வகுப்புத் தோழி சொன்னாளாம். மரக்கரண்டி வைத்தால் மழைதான் வரும் என்பது அவன் கட்சி. வியாழன் இரவு பனி என்று அறிவித்திருக்கிறார்கள். அவனுடைய கரண்டிகளில் ஒன்றை எனக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.